ஒரு பஸ்ஸுக்கு மூன்று பேர்

நல்லம்மாவைப் பிடிவாதக்காரி என்றுதான் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் எல்லோரும் சொன்னார்கள். நான் மறுக்கமாட்டேன். சொன்னவர்களில் பாதிப்பேர் தங்கள் வீட்டு ஆண்களைப் பரணில் ஒளித்துவைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

அவருடைய கணவர் விநாசித்தம்பி நான்கு பஸ் வைத்திருந்தவர். ஜப்பான்காரன் போட்ட குண்டில் போய்விட்டார். ஊரைப் பிடித்த ஜப்பான் ராணுவத்துக்கே பெட்ரோல் முழுக்க என்றானதும் பஸ்களும் நின்றன. வேலையில்லாத ஆள் எவன் கண்ணில் பட்டாலும் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. பஸ் கொட்டகையில் அவருடைய ஆட்கள் ஆறு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

சீனர் பட்டறை ஒன்றில் பஸ்ஸின் பின்னால் கரியடுப்பு பூட்டி, அதில் வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நல்லம்மா நேரே போய்ப் பார்த்தார். திரும்பி வந்ததும், இரண்டு பஸ்ஸைப் பிரித்து விற்று, அந்தக் காசில் மற்ற இரண்டுக்கும் அடுப்பு வைக்கலாம் என்றார்.

பெரிய டிரைவர் பக்கிரிசாமி குதித்தார். "ஐயா கண்ணுல வச்சுப் பாத்த வண்டி அக்கா! சண்டை முடிஞ்சா பெட்ரோல் வரும்லா."

"வரும் அண்ணே. அப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

பக்கிரிசாமி முணுமுணுத்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார்.

கரி பஸ் மேடு ஏறாது. நல்ல வசூல் தந்த ஆயர் ஈத்தாம் பாதையை நல்லம்மா தயங்காமல் விட்டார்; சமதரையான ஜெலுத்தோங்குக்கு ஓட்டினார். ஓட்ட ஒருவர், டிக்கெட்டுக்கு ஒருவர், அடுப்பைக் கிளறிச் சாம்பல் அள்ள ஒருவர். ஆறு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது.

ஒருநாள் ஜப்பானிய அதிகாரி லாரியோடு வந்து நின்றார். ஒரு பஸ்ஸுக்கு இரண்டு பேர் போதுமாம். அடுப்புக்காரர்கள் அய்யாக்கண்ணுவும் பழனியப்பனும் லாரியில் ஏற வேண்டுமாம்.

 நல்லம்மா பஸ் கதவைத் திறந்துவிட்டு மலாயில் மரியாதையாகச் சொன்னார்: "துவான், ஏறி உட்காருங்க. ரெண்டு பேரோடவே போய்ப் பார்ப்போம்."

அதிகாரி ஏறினார்; நல்லம்மாவும் ஏறிக்கொண்டார். கொஞ்ச தூரத்திலேயே அடுப்பு மூச்சடைத்து பஸ் நின்றது. டிக்கெட்காரர் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்க, பக்கிரிசாமி இறங்கி ஓடிப்போய்க் கிளறினார். மறுபடி ஏறி ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குள் இன்ஜின் அணைந்தது. ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள். அதிகாரி வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். ஒருத்தருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. மூன்றாம் முறை நின்றபோது அவர் ஏதோ திட்டிவிட்டு இறங்கி, நடந்தே கொட்டகைக்குத் திரும்பினார். நல்லம்மா பின்னாலேயே ஓடினார்.

லாரியில் ஏற்றி வைத்திருந்த அடுப்புக்காரர் இருவரையும் அதிகாரி சைகை காட்டி இறக்கினார். லாரி காலியாகக் கிளம்பிப் போனது.

அது தெருமுனை திரும்பும்வரை நல்லம்மா நிமிர்ந்து நின்றார். பிறகு கரிமூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்து, புருஷன் செத்த அன்றுகூட அழாதவர், ஊர் கேட்க அழுதார்.