எழுபது வளைவுகளும் ஒரு ஊசியும்

கொல்லிமலையில் நான் நர்ஸ். வாழவந்தி நாட்டு மலைக் கிராமங்களிலிருந்து பிரசவ வலியோடு வரும் பெண்களுக்கெல்லாம் என்னிடம் ஒரே வைத்தியம்தான். "கத்தக் கூடாது கண்ணு. மனசுக்குள்ளயே மலைப் பாதையில இறங்கு. அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் எழுபது வளைவு. ஒவ்வொரு வலியும் ஒரு வளைவு மாதிரி, திரும்புனா போயிடும்." அப்போது எனக்குப் பிள்ளை பெற்ற அனுபவம் கிடையாது. வாய் மட்டும் இருந்தது.

என் முறை வந்தபோது, வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி எனக்கு வேண்டவே வேண்டாம் என்று நாமக்கல் டாக்டரிடம் முன்கூட்டியே வீறாப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். வலி எடுத்த காலையில், முந்தின வருஷம் என்னிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட ஒரு பெண் துணைக்கு வண்டியில் ஏறினாள். மூன்றாவது வளைவு திரும்பியதும் நான் டாக்டருக்குப் போன் போட்டு, ஊசியைத் தயாராக வைக்கும்படி அழுதேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் அறுபத்தேழு இருக்குதுங்க சிஸ்டர்."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட அரை மணி நேரத்தில் வலி அடங்கிவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் வேறொரு பெண் அலறினாள். நான் படுத்தபடியே தொண்டையைச் செருமிக்கொண்டு, "கத்தக் கூடாது கண்ணு, மூச்சை நல்லா இழுத்து விடு" என்று ஆரம்பித்தேன்.

துணைக்கு வந்தவள் எழுந்து வாசல் வரை போய் டாக்டரிடம் சொன்னாள்.

"ஊசி நல்லா வேலை செய்யுதுங்க."