கரையில் நின்று கத்தினோம்

போன ஞாயிற்றுக்கிழமை கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. போன் செய்கிறவர்கள், "மேடம் இருக்காங்களா சார்?" என்று என்னிடமே கேட்கிறார்கள்!

யாரோடும் சண்டை இல்லை. பாய்மரப் படகுப் போட்டி பார்க்கப் போயிருந்தேன்.

திருவண்ணாமலையில் ஏது கடல் என்கிறீர்களா? ஏரி இருக்கிறதே! சென்னையிலிருந்து ஒரு குழு ஐந்து குட்டிப் படகுகளை லாரியில் ஏற்றி வந்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மாதமாக இலவசமாகக் கற்றுக்கொடுத்தது. கிளப், மெம்பர்ஷிப் என்று வசதியானவர்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம். நம் பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏரியில் பாய் விரித்ததைப் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் வேங்கிக்கால் ஆட்டோக்காரர் சேகரின் மகள் கௌசல்யாவும் அதில் ஒருத்தி. ப்ளஸ் ஒன் படிக்கிறாள். ஜெயித்தால் சென்னையில், கடலில் பயிற்சி — ஒரே ஒரு இடம்தான். சேகருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை.

"பொம்பளப் புள்ளைக்கு தண்ணியில என்னா மேடம் வேலை? ஜெயிச்சா பாக்கலாம். இல்லன்னா இதோட நிறுத்திடணும்னு சொல்லிட்டேன்."

போட்டி ஆரம்பித்தது. நடு ஏரியில் மிதக்கும் ஆரஞ்சுப் பந்தைச் சுற்றித் திரும்ப வேண்டும். கௌசல்யாதான் முதலில். பந்தை நெருங்கினாள்... அடடா, பந்தை இடது கைப்பக்கம் வைத்துச் சுற்றப் போகிறாளே!

விடுவோமா? மாதாமாதம் மலையை வலம் வருகிற ஊராயிற்றே! "வலமா சுத்து! வலமா சுத்து!" என்று கரையே அலறியது. எல்லாரையும்விட ஜாஸ்தி கத்தியவர் சேகர். அடுத்தது நான். அவள் தடுமாறி, படகைத் திருப்பி வலமாகவே சுற்றினாள். பின்னால் வந்த நாலு படகும் அப்படியே!

சென்னையிலிருந்து வந்திருந்த கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். "பந்து லெஃப்ட்லதான் இருக்கணும்னு காலையில படிச்சுப் படிச்சு சொன்னேனேங்க!"

சேகர் மெல்ல என் பின்னால் ஒதுங்கினார்.

அதற்குள் கௌசல்யாவின் படகு நின்றது... திரும்பியது. வந்த வழியே போய், பந்தை இடப்பக்கமாகச் சுற்றி, தன்னந்தனியாகக் கடைசியில் கரை சேர்ந்தாள். சேகருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிறுத்திடணும்னு சொன்னதும் நான்தான். இப்ப கெடுத்ததும் நான்தான் மேடம்."

"யாருங்க கெட்டுச்சுன்னது?" கோச் சிரித்தார். "சரியா சுத்துனது இவ ஒருத்திதான். இவதான் ஃபர்ஸ்ட்!"

சேகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சென்னைக்கு எத்தினி செட்டு துணி குடுத்தனுப்பணும் சார்?"

பிள்ளைகளுக்குப் படகு கிடைக்காதது ஒரு பிரச்னை. கிடைத்த பிறகு, கரையில் நிற்கும் நாம் இன்னொரு பிரச்னை!

ஆட்டோவில் திரும்பும்போது கௌசல்யாவிடம் கேட்டேன்: "நாங்க கத்துனது உனக்கு கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு ஆன்ட்டி. அதனாலதான தப்பா போனேன்!"