மகள் அன்பாகிப்போன மாதம்

என் மகள் என்னிடம் அன்பாக நடந்துகொள்ளத் தொடங்கியபோதுதான், எனக்கு ஏதோ பெரிய நோய் வந்திருக்கிறது என்ற சந்தேகம் எழுந்தது.

அநியாயமான சந்தேகம் இல்லை. எங்கள் குடும்பத்தில் நோய் யாருக்கோ அவருக்குத்தான் அது கடைசியாகத் தெரியும். ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் அப்பா நோயில் படுத்திருந்தபோது, டாக்டர் சொன்னது லயத்து வீடுகள் அத்தனைக்கும் தெரியும். வேலை வாங்கும் மண்டோருக்குத் தெரியும், கோவில் பூசாரிக்குத் தெரியும். அப்பாவிடம் மட்டும் ‘வாயு’ என்றோம். சொன்னவன் நான்தான். அவரும் கடைசிவரை நம்பி இஞ்சித் தண்ணீர் குடித்தார். ஆகவே இந்த வீட்டில் ஒருவர்மேல் திடீரென்று பாசம் கூடினால், அவர் கவலைப்படுவதே புத்திசாலித்தனம்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கிளினிக்கில் ரத்தம் கொடுத்திருந்தேன். ரிப்போர்ட்டை வாங்கி வந்தவள் மகள். “எல்லாம் ஓகேலா, இனிப்ப மட்டும் கொறைங்க” என்றாள். அன்றைக்கு நம்பிவிட்டேன்.

ஹோட்டல் நிர்வாகத்தில் டிப்ளமா வாங்கியவள், பாச்சாங்கில் ஒரு கடையில் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தாள். சனி, ஞாயிறுகளில் புக்கிட் காத்திலில் ஏதோ கம்ப்யூட்டர் வகுப்பு என்று போய்வருவாள். அதுவரை என்னோடு அவள் பேசிய நீளமான பேச்சு வைஃபை வேகம் பற்றியது.

அப்படிப்பட்டவள், நான் வாசற்படி இறங்கும்போது முழங்கையைப் பிடித்தாள். எனக்கு ஐம்பத்தாறு வயது. படி மொத்தம் இரண்டு. சோபாவிலிருந்து எழப் போனால் எதிரே வந்து நின்று, எடை தூக்குகிறவளைப் போல முழங்காலை மடக்கினாள். ஆப்பிளை விரல் கனத்துக்கு நறுக்கி வைத்து, நான் விழுங்குவதைத் தொண்டையில் பார்த்தாள். இன்று என்ன கிழமை என்று கேட்டாள். சொன்னேன். மறுநாளும் கேட்டாள். மூன்றாம் நாள், நல்ல காலண்டர் ஒன்று வாங்கித் தரட்டுமா என்றேன். சிரிக்கவில்லை. ஒரு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள்.

மனைவியிடம் விசாரித்தேன்.

“பொண்ணு பேசலன்னா பொலம்பல், பாசமா இருந்தா சந்தேகம். ஒங்களுக்கு என்னாதான் வேணும்?” என்றாள், வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். உண்மை பேசும்போது அவள் என்னை முறைத்துத்தான் பேசுவாள். வெங்காயத்தைப் பார்த்துப் பேசியது எனக்குப் போதுமானதாக இருந்தது. அன்று மாலை, யாரிடம் எதை ஒப்படைப்பது என்று யோசித்துப் பார்த்தேன். புத்தக அலமாரி ஒன்றுதான் தேறியது. அதையும் யாரும் விரும்பி வாங்கிக்கொள்ளமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் நோட்டைத் திறந்துவிட்டேன். வெட்கக்கேடுதான். முதல் பக்கத்தில் இருந்தது: ‘பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட முதியவர்: ஆண், 56. எழும்போது முனகல் உண்டு. பிடிவாதம் உண்டு. நகைச்சுவையாகப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்.’ கடைசிப் பக்கத்தில் இரண்டு தாள்கள் மடித்துச் செருகியிருந்தன. ஒன்று ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து வந்த கடிதம். செய்முறைப் பரீட்சையில் தேறினால் மூன்று வருட வேலை. இன்னொன்று அந்த முதியவர் நிரப்பித் தரவேண்டிய பாரம்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தபோது நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

நின்றவள் நின்றபடியே சொன்னாள். “நீங்க சைன் பண்ணாத்தான்பா பரீட்சைக்கு விடுவாங்க. வேற ஏதோ பாரம்னு சொல்லி சைன் வாங்கிட்டு, பாஸானதும் சொல்லிக்கலாம்னு அம்மாதான் சொன்னாங்க. ஒங்களுக்குத் தாங்காதுன்னு.”

ஆக, எனக்கும் வாயுதான்.

“இங்க கெழவனுங்களே இல்லையா?” என்றேன்.

“இருக்காங்கப்பா. இங்க அதுக்கெல்லாம் மகளுங்க இருக்காங்க. சும்மாவே பாத்துக்குவாங்க. யாரு வேலைக்கு எடுப்பா?”

பேனாவை எடுத்தேன். எட்டுக் கேள்விகள். ஏழுக்கு ஆம் போட்டேன். ஆப்பிள் உண்மையிலேயே நன்றாக நறுக்கப்பட்டிருந்தது. ஒன்றில் மட்டும் நின்றுவிட்டேன். ‘எதையும் செய்வதற்கு முன், என்ன செய்யப்போகிறேன் என்று பராமரிப்பாளர் உங்களிடம் சொன்னாரா?’

இதற்கு இல்லை என்றுதான் போடவேண்டியிருக்கும் என்றேன்.

அவள் முகம் மாறியது. அதுதான் அவர்களுக்கு முதல் பாடமாம். அதில் ‘இல்லை’ வந்தால் பரீட்சைக்கு உட்காரவே விடமாட்டார்களாம். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. சமையலறையில் மனைவி குழாயை மூடினாள்.

மகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டத்தில் வரும்படி உட்கார்ந்தாள். அதுவும் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்கும்.

“அப்பா, நான் இப்ப ஒண்ணு செய்யப்போறேன். பரீட்சை எழுதி, பாஸானா ஜப்பான் போகப்போறேன். மூணு வருஷம். சரியா?”

பிறகு காத்திருந்தாள். முதியவர் பதில் சொல்லும்வரை அவசரப்படுத்தக்கூடாது என்று நோட்டில் படித்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை. நான் எடுத்துக்கொண்ட நேரத்துக்கு, வேறு யாராக இருந்தாலும் இன்று என்ன கிழமை என்று கேட்டிருப்பார்கள்.

ஆம் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். தாளை நகர்த்திவிட்டு, அந்த ரத்த ரிப்போர்ட்டை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்றேன்.

“நான் எழுந்து போயி எடுத்துட்டு வர்றேன்பா” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.