பாத்துங்க மாப்ள

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. ஆனாலும் பந்தயத்தில் மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் எண்ணிச் சொல்வேன். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். ஒரு காலத்தில் மலையேறும் கார் பந்தயங்களில் அவரை முந்த ஆளில்லை. ஒருமுறை வண்டி கவிழ்ந்து விலா எலும்பு முறிந்தது.

"இனிமே நீங்களும் கூடப் போயி உக்காந்துக்குங்கண்ணா" என்று தங்கை அழுதாள்.

போனேன். அதன்பின் ஒன்பது பந்தயங்கள். ஒன்றிலும் அவர் ஜெயிக்கவில்லை. வண்டி பழசு, டயர் சரியில்லை, வயதாகிவிட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம் நான் காரணம் சொல்லி வந்தேன்.

இந்த வருடம் அவருக்கு அறுபத்திரண்டு. இதிலும் தோற்றால் வண்டியை விற்றுவிடுவதாகத் தங்கையிடம் வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கோ பந்தயத்துக்கு முதல் நாளே தொண்டை கட்டிக்கொண்டது, காற்றுதான் வந்தது. பரவாயில்லை, சும்மா உட்கார்ந்துகொண்டு வாருங்கள் என்றார். வளைவுகளை மனதுக்குள் எண்ணினேன். இருபத்தேழில் பயந்து கண்ணை மூடினேன், எண்ணிக்கை விட்டுப்போனது. கண்ணைத் திறந்தபோது மேலே எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தோம்; மிளகுத் தோட்ட வேலியோரம் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. நான்கு விநாடி முந்தி, முதலிடம்.

தனக்குப் போட்ட மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். வழி சொன்னது மச்சான்தான் என்று மைக்கில் வேறு சொன்னார். மறுக்க எனக்குக் குரல் இல்லை. அது ஒரு வகையில் வசதியாகவும் இருந்தது.

சாயங்காலம் இறங்கினோம். அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினார். இரண்டு வளைவுகளுக்கு நடுவே நேரான ரோடு. எதிரே பஸ் இல்லை, ஒரு ஆடுகூட இல்லை. பழக்கத்தில் என் தொண்டையிலிருந்து கரகரப்பாக வந்துவிட்டது: "பாத்துங்க மாப்ள."

அவர் கால் பிரேக்கை அமுக்கியது. வண்டி குலுங்கி நின்றது.

அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். ஒரு பந்தயத்துக்கு எத்தனை தடவை அப்படிச் சொல்லியிருப்பேன்? எதையும் எண்ணுகிற நான் அதை மட்டும் எண்ணியதில்லை.

"தொண்டை தேவலையாயிடுச்சுங்களா மச்சான்?" என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே விசாரித்தார்.

மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டு வாசலிலேயே தங்கை கேட்டாள்:

"அடுத்த வருசமும் நீங்க கூடப் போவீங்கல்லண்ணா?"

தனியாகவே போகட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். அதற்குள் எனக்குக் குரல் நன்றாகவே வந்திருந்தது.