எந்த ஊர்க் கணக்கு?

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார் என்று தாம்பரத்திலிருந்து போன் வந்ததும் நான் கேட்டது, "எங்கே?" என்பதுதான். எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை. அவரோடு வேலை பார்த்த நம் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. காரணம் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

எண்பதுகளில், சுகாதாரத் துறைக்காகத் தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் சாவு விகிதத்தை ஒப்பிட்டு எழுதித் தருவது எங்கள் வேலை. எந்த ஊரில் சாவு அதிகமோ அங்கே நர்ஸ் போவார். கணக்குப் போடுவது அக்கா. "நம்ம பொழப்பே எழவு எண்றதுதாம்மா" என்று சிரிப்பார்.

திருமுடிவாக்கத்துப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு குடியிருப்பு. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். ஆனாலும் கைக்குழந்தைச் சாவு அங்கேதான் மிகக் குறைவாக இருந்தது. அக்கா திரும்பக் கூட்டிப் பார்த்தார், பிழை இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மேலிடத்தில் அங்கே போய்க்கொண்டிருந்த நர்ஸை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த கோடையில் அங்கே போனோம். முன்பு பார்த்தபோது வயிற்றுப்பிள்ளையோடு இருந்த கன்னியம்மா, வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். குழந்தை எங்கே என்று அக்கா கேட்டார்.

"பிரசவத்துக்குப் படப்பைல எங்கம்மா வூட்டுக்குப் போனேன். அங்கயே போச்சுக்கா. மாசமா இருக்கப்பவே எனக்குக் காலு வீங்கிகினே இருந்துச்சு. நர்ஸம்மா வந்துகினு இருந்தா சொல்லியிருப்பேன்."

"சாவை எங்க எழுதினாங்க?"

"செத்த ஊர்லதான். இங்க எல்லாரும் அம்மா வூட்டுக்குத்தான் போவோம்."

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. தாய்வீட்டுப் பிரசவம் தெரியாதவரா அவர்? தெரியும். கணக்குப் போடும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். தாய்வீடுகளுக்கு அலைந்து, செத்த குழந்தைகளை அவரவர் குடியிருந்த ஊரில் சேர்த்து எழுதினார். நர்ஸ் திரும்பி வந்தார். நாங்கள் பாராட்டியபோது எரிந்து விழுந்தார்: "முதல் கணக்குலயும் என் கையெழுத்துதான் இருக்கு."

தொண்ணூறுகளிலும் திருமுடிவாக்கத்துச் சாலையில் பஸ் போகும்போதெல்லாம் ஜன்னலை மூடச் சொல்வார். "குழந்தை அழுவுதும்மா, கேக்கல?" பட்டறை இரைச்சல்தான் அக்கா என்று நான் சொல்வேன். இப்போது தனியாகப் போகிறேன். எனக்கும் கேட்கிறது. பயமாக இருக்கிறது.

யார் இறந்தாலும், இறந்தது எங்கே, வாழ்ந்தது எங்கே என்று கேட்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான். அக்காவின் உயிர் பிரிந்தது நகரத்து ஆஸ்பத்திரியில். அந்த ஊர்க் கணக்கில்தான் எழுதியிருப்பார்கள். தாம்பரத்துக்கு ஒரு சாவு குறைவு. நாமும் அப்படி விட்டுவிடக் கூடாது. அவர் இங்கே வாழ்ந்தவர். நம் ஊர்ச் சாவு அது.