மூன்று மில்லிமீட்டர்

போன வருடம் கோவையில் எம்.இ. கடைசிப் பருவம் படித்துக்கொண்டிருந்தேன். கேபிளில் வரும் மைக்ரோவேவ் அலையைத் திரும்பி ஓடவிடாமல் செவ்வகமான உலோகக் குழாய்க்குள் இறக்கிவிடும் இணைப்புதான் என் புராஜெக்ட். குழாயின் ஒரு முனையைத் தகட்டால் மூடி, அதிலிருந்து சரியான தூரத்தில் துளையிட்டு, கேபிளின் ஊசியை உள்ளே நிறுத்த வேண்டும். அந்தத் தூரம்தான் உயிர்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் கொடுத்திருந்தேன். அதைச் செய்தது என் வயதுப் பெண். பாலிஷ் பிரிவிலிருந்து மில்லிங் மெஷினுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

லேபில் சோதித்தால், அனுப்பிய அலையில் பாதி திரும்பி வந்தது. அளந்தேன். துளை இருக்க வேண்டிய இடத்தைவிட மூன்று மில்லிமீட்டர் தகட்டுக்குக் கிட்டே இருந்தது. நேரே பட்டறைக்குப் போய் எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"படத்துல இருக்கறபடிதானுங்க சார் போட்டேன்" என்றார் அவர், மெதுவாக.

முதலாளி படத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். "அம்மணி, நீ பழையபடி பாலிசுக்கே போயிரு" என்றார். அந்தப் பெண் மெஷினைத் துடைத்துவைத்துவிட்டு நகர்ந்தார்.

பஸ்ஸில் படத்தை விரித்தேன். அளவுக்கோடு தகட்டின் வெளிமுகத்திலிருந்து தொடங்கியிருந்தது. அலை இருப்பதோ உள்ளே. உள்முகத்திலிருந்து போட்டிருக்க வேண்டும். தகட்டின் கனம் மூன்று மில்லிமீட்டர். கோடு போட்டவன் நான்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கோபி பக்கம் வாழைத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவை, யாரோ செய்த தப்புக்கு மேஸ்திரி திட்டியதைப் பார்த்து வளர்ந்தவன். துடியலூரில் இறங்கி எதிர்ப்பக்கம் பஸ் ஏறினேன்.

முதலாளியிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கத்தியது எல்லோர் முன்னாலும் அல்லவா? மெஷின்களுக்கு நடுவே நின்று சத்தமாகவே சொன்னேன்: "தப்பு என்னோடதுங்க. அவங்க சரியாத்தான் செஞ்சிருக்காங்க."

லேத்தில் நின்றவர் சிரித்தார். "ஏனுங்க இஞ்சினியரே, படத்தப் பாத்துப்போட்டுக் கத்தியிருக்கலாமில்லீங்க?"

முதலாளி தலையைச் சொறிந்தார். "போ கண்ணு, உன்ற மெஷினுக்கே போ."

அந்தப் பெண் முதலில் என்னிடம் வந்து படத்தை வாங்கினார். "மறுக்கா செய்ய வேண்டாமுங்க. மூணு மில்லி கனத்துல குழாய் வாயளவுக்கு ஒரு சட்டம் வெட்டி, தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவுல வெச்சுப்போட்டா ஆகாதுங்களா?"

ஆகும். எனக்குத்தான் அது தோன்றவில்லை. அந்தச் சட்டத்தை வைத்து முடுக்கி லேபில் சோதித்ததும், அலை சொன்னபடி உள்ளே இறங்கியது.

இன்றும் வேலையில் ஏதாவது பிசகினால், யாரையும் கேட்பதற்கு முன் என் படத்தைத்தான் விரித்துப் பார்க்கிறேன். மெஷினைத் துடைத்துவைத்துவிட்டு நகர்ந்த அந்த முதுகு அப்போதெல்லாம் கண் முன் வந்து நிற்கிறது.