குழிப் பிஸ்டனுக்கு வைத்த பொட்டு

என் மாமாவுக்கு வேகம் என்றால் உயிர். ஆனால் அவரிடம் இருந்ததோ அத்தையின் அப்பா விட்டுப்போன பழைய கார். படாளத்தில் சாலையோரம் மாமாவின் மெக்கானிக் கடை. அதன் பின்னாலேயே நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

ஒரு வருடம், உடைத்துப் போட்ட டீசல் வண்டியிலிருந்து டர்போவைக் கழற்றி வந்தார். புகை வெளியேறும் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி அது. அதை அந்தக் காரில் பொருத்தப்போகிறேன் என்று அறிவித்துவிட்டார். மாமல்லபுரத்திலிருந்து அத்தையின் அண்ணன் ஓடிவந்தார். தன் அப்பாவின் காரின் மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண்.

"மச்சான், இன்ஜின் ஊத்திக்கிச்சின்னு வையி, வண்டி என் வூட்டுக்கு வந்துடணும். இன்னா சொல்ற?"

மாமா வீறாப்பாகத் தலையாட்டிவிட்டார். அன்றைக்கு அவர் தட்டில் அத்தை வெறும் சோறுதான் போட்டாள்.

மாமா வாங்கி வைத்திருந்த நான்கு பிஸ்டன்களும் தலை உப்பி இட்லி போல இருந்தன. பிஸ்டன் மேலேறிக் காற்றையும் பெட்ரோலையும் நசுக்க நசுக்க வேகம் என்பது அவர் கட்சி. தலையில் குழி விழுந்த பிஸ்டனும் உண்டு, பணியாரச் சட்டி மாதிரி. அதைப் போட்டால் உள்ளே இடம் கூடும். டர்போ திணிக்கிற காற்றுக்கு இடம் போதாமல் நெரிசல் மிஞ்சினால் பெட்ரோல் முந்திக்கொண்டு வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும்.

"தெரியாமத்தான் கேக்கறேன்," என்றாள் அத்தை. "கல்யாணத்துக்கு ஜனம் தள்ளிக்கினு வருது. மண்டபத்த பெருசாக்குவியா, சின்னதாக்குவியா?"

"பிஸ்டனும் பந்தியும் ஒண்ணாடி? போய் நாஸ்தாவப் பாரு."

ஒரு வாரம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பொட்டு வைக்காத எதையும் மாமா இன்ஜினில் பூட்டமாட்டார். ஆயுத பூஜைக்காகக் காத்திருந்தார். அன்று காலை பலகையில், ஸ்பேனர்களுக்கு நடுவே, மஞ்சள் குங்குமத்தோடு நான்கு பிஸ்டன்கள். நான்கும் குழி!

"எவ வெச்சது இத? என் பிஸ்டன் எங்க?" மாமா போட்ட சத்தத்தில் சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

சுண்டல் தட்டோடு வந்த அத்தை வாயைத் திறந்தபடி நின்றாள். பிஸ்டன்களைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாமிக்கு வெச்சத மாத்தக் கூடாது. இன்னா பண்றது, இதையே போட்டுத் தொலைக்கிறேன்," என்று கோபம் குறையாமலே சுண்டலை வாங்கிக்கொண்டார் மாமா.

விருந்துக்கு வந்திருந்த அத்தையின் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்ஜினுக்கு ஜாதகம் பாக்கற வூடு இது ஒண்ணுதான்!"

மழைக்காலம் முடிந்ததும் மாமா, அத்தை, நான் மூவரோடும் கார் மாமல்லபுரத்துக்குக் கிளம்பியது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் டர்போ விசிலடித்தது. சவுக்குத் தோப்புகள் பின்னால் பறந்தன. இன்ஜின் ஒரு முறைகூட முனகவில்லை. மாமல்லபுரத்தில் அத்தையின் அண்ணன், காரைக் கட்டி இழுக்கக் கயிறோடு வாசலில் நின்றிருந்தார்.

"இன்னாண்ணா, மாடு வாங்கினியா?" என்றாள் அத்தை.

அவர் கயிற்றைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "மச்சான், நானும் ஒரு ரவுண்டு ஓட்டட்டா?" என்றார்.

யாருக்கும் தெரியாமல் பிஸ்டனை மாற்றி வைத்து மாமாவையே ஏமாற்றிய அத்தையின் சாமர்த்தியத்தை வியந்து, வழியெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். குழிப் பிஸ்டன் சென்னையில்தான் கிடைக்கும், அத்தை படாளத்தைத் தாண்டித் தனியாகப் போனதே இல்லை, பூஜைக்கு முந்தின நாள் சென்னை பஸ் ஏறியவர் மாமா ஒருவர்தான் என்பதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.